பீரோவுக்கு மூன்று செட்

பீரோ என்றால் எல்லோருக்கும் துணிமணி வைக்கிற இரும்புப் பெட்டகம். வீடு மாற்றித் தரும் அந்தக் கம்பெனியில் மட்டும் அது ஒரு ஆளின் பெயர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இரட்டைக் கதவு பீரோ ஒன்றைத் தன்னந்தனியாக முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கியவர் அவர். இறக்கி வைத்த பிறகுதான், உள்ளே இருந்த துணியை யாருமே காலி செய்யவில்லை என்று தெரிந்தது. இதை அவர் இன்றைக்கும் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். சொல்லட்டுமே! தூக்கியவர் சொல்லாமல், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவரா சொல்வார்?

படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியோடு சரி. அப்பன் சொத்து கிடையாது, மாமன் சிபாரிசு கிடையாது. ரெண்டு தோள்பட்டையை மட்டும் நம்பி இரண்டு அறை வீடு கட்டினார், மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார், கல்யாணமும் பண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் வாசல் நிலையைத் தட்டிக் காட்டுவார். "இதை இஞ்சினியரா வச்சான்? நான் அளந்து வச்சது. எந்த சாமானும் சாய்க்காம உள்ள வரும். பங்களா கட்டினவன் எல்லாம் சோபா வாங்கினா கதவைக் கழட்டறான்!"

அவரோடு அதே நாள், அதே மணிக்கு வேலைக்குச் சேர்ந்தவர் மெத்தை. முதல் நாள் அவரைப் பழைய மெத்தையைச் சுருட்டச் சொன்னார்கள். லாரி போய்ச் சேர்ந்து மெத்தையை விரித்தபோது உள்ளே அவரும் இருந்தார், நல்ல தூக்கத்தில். அந்தப் பெயர் அன்றைக்கு வந்தது. போகவே இல்லை.

இருபத்திரண்டு வருஷம் இவர் ஒரு முனை, அவர் மறுமுனை. ஒருவர் இருமினால் மற்றவர் பிடியை இறுக்குவார். ஒருவருக்குக் கால் வழுக்கினால் மற்றவருடைய இடுப்பு தானாக வளையும். படிக்கட்டுத் திருப்பத்தில் மற்ற ஆட்கள் எல்லாம் "இடது, இடது, பொறு, சாய்" என்று கத்திக்கொண்டிருக்கும்போது, இவர்கள் மட்டும் வாயைத் திறக்காமல் இறங்கிப் போவார்கள்.

இப்படி இருந்தவர்களுக்குள் குழப்பம் வந்தது மேஸ்திரி வேலையால்.

பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போனார். மேஸ்திரி என்றால் கையில் அளவு டேப், காதில் பென்சில். முன்னால் நடந்து போய் "இதை இங்க வை, அதை அங்க வை" என்று சொல்ல வேண்டும். எதையும் தூக்க வேண்டாம். பீரோ இந்த வேலைக்குப் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தார். அவருடைய ஆசை சம்பளத்தின் மேல் இல்லை. "தூக்கியே பொழச்சவன், ஒரு நாளாவது ரெண்டு கையையும் சும்மா வீசிக்கிட்டு ஒரு மாடிப்படி இறங்கணும்" என்பார். அவர் மனைவி பென்சிலுக்கென்று தனியாக ஒரு பை வைத்து ஒரு சட்டையே தைத்து வைத்திருந்தாள்.

மெத்தையும் காத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கிடங்கில் ஆணியில் தொங்கிய டேப்பை ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒருவர் கையில் டேப்பின் நுனி, மற்றவர் கையில் டப்பா. இவர் இழுக்க, அவர் இழுக்க, டேப் எட்டு மீட்டர் நீண்டு நின்றது.

"விடுய்யா. நான் சீனியர்."

"எப்படிய்யா சீனியர்? ஒரே நாள்தானே சேர்ந்தோம்?"

"நீ சேர்ந்த அன்னைக்குத் தூங்கினே. நான் அன்னைக்கே வேலை பார்த்தேன். அப்ப நீ மறுநாள் சேர்ந்ததாத்தான் கணக்கு."

மெத்தை கையை ஓங்கினார். பீரோவும் ஓங்கினார். அப்போதுதான் உள்ளே வந்தார் முதலாளியம்மா. ஒற்றைத் தள்ளுவண்டியில் தொடங்கி ஆறு லாரி வரைக்கும் வந்த பொம்பளை. பஞ்சாயத்து பேசுவதற்கு அவருக்கு நேரம் இருந்ததே இல்லை.

"ஏன்யா, அடிச்சுக்கப் போறீங்களா? அப்ப முறையா அடிச்சுக்குங்க. லாரிக்காரங்க சங்கத்துல வருஷா வருஷம் குத்துச்சண்டை வைக்கிறாங்க இல்ல? ஐம்பது வயசுக்கு மேல உள்ளவங்க பிரிவுல போன வருஷம் ஆளே வரலையாம். ரெண்டு பேரும் பேரு குடுங்க. ஜெயிக்கிறவன் மேஸ்திரி. தோக்கிறவன் அதுக்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. ரெண்டு மாசம் இருக்கு. இப்ப போய் அந்த பிரிட்ஜை ஏத்துங்க."

போய் ஏற்றினார்கள். ஆளுக்கொரு முனை. பேச்சு மட்டும் இல்லை.

டயர் கடை மாடியில் ஒரு பயிற்சிக் கூடம் இருந்தது. பாதி இடத்தில் இரும்புக் குண்டும் தண்டும், மீதிப் பாதியில் குத்துகிற பைகள். அங்கே இருந்த மாஸ்டருக்கு பீரோவின் வயசில் பாதிதான் இருக்கும்.

"முதல்ல உங்க பலத்தைப் பார்ப்போம் அண்ணே. அந்த ஸ்டாண்ட்ல இருந்து ஏதாவது ஒண்ணைத் தூக்குங்க" என்றார் மாஸ்டர்.

பீரோ குனிந்தார். குண்டு எதையும் எடுக்கவில்லை. பதினெட்டு குண்டோடு ஸ்டாண்டையே அடியோடு தூக்கி மார்பில் சாத்திக்கொண்டு, "எங்க வைக்கணும்?" என்று கேட்டார்.

மாஸ்டர் அதை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அப்புறம் பையைக் காட்டி, "இதைக் குத்துங்க" என்றார். பீரோ பையைக் கட்டிப் பிடித்தார், ஒரு எக்கு எக்கிக் கொக்கியிலிருந்து கழற்றினார், ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அண்ணே, குத்தச் சொன்னேன்."

"தெரியுது தம்பி. தொங்குற சாமானைப் பார்த்தா இறக்கி வைக்கத்தான் கை போகுது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்."

மாஸ்டர் சின்ன வயசுக்காரர் என்றாலும் விஷயம் தெரிந்தவர். உட்கார வைத்து விளக்கினார். "உங்ககிட்ட பலம் கொட்டிக் கிடக்கு. ஆனா எல்லாம் மெதுவான பலம். பீரோவை நீங்க பத்து நிமிஷம் தாங்குவீங்க. குத்துக்குக் கண்ணிமைக்கிற நேரம்தான். அதனால வெயிட் தூக்கறதைக் கனமா, கொஞ்சமா, வேகமாத் தூக்கணும். மூணு செட்டு, நடுவுல ஓய்வு. ரெண்டும் ஒரே நாள்ல வந்தா முதல்ல பாக்ஸிங், அப்புறம்தான் வெயிட். மாத்திப் பண்ணினா தோள் கல்லாயிடும். குத்து வராது, தள்ளுதான் வரும். முக்கியமா, வாரத்துல ரெண்டு நாள் எதையும் தூக்கவே கூடாது."

"எதையும் தூக்கக் கூடாதா? அப்ப சோத்துக்கு?"

மாஸ்டர் யோசித்தார். வேலையே வெயிட்டாக இருக்கிற ஆளுக்கு வேலையைத்தான் அட்டவணை போட வேண்டும். ஒரு தாளை எடுத்து எழுதினார். உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சிக்கு வாஷிங் மிஷின். இழுத்துத் தூக்குவதற்கு இரட்டைக் கதவு பீரோ. மேலே தள்ளுவதற்குப் பரணில் ஏற்றும் பெட்டிகள். செவ்வாயும் வெள்ளியும் கன நாள், புதனும் ஞாயிறும் ஓய்வு. பீரோ தாளை நாலாக மடித்துப் பத்திரப்படுத்தினார். தனக்கென்று ஒருவர் எழுதிக் கொடுத்த முதல் காகிதம் அது. அதை லாரியில் எல்லோருக்கும் காட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் நான்காவது மாடிக்குக் குடி போனார். மாடிக்கு லிஃப்ட் கிடையாது. பீரோவுக்கு இதைவிட நல்ல கன நாள் கிடைக்குமா? இரட்டைக் கதவு பீரோவை மேலே ஏற்றி அறையில் வைத்தார்கள். டீச்சர், "அழகா வச்சீங்கப்பா" என்று சொல்லி வாய் மூடவில்லை, பீரோ மறுபடியும் பிடித்துத் தூக்கினார்.

"எங்கப்பா கொண்டு போறீங்க?"

"கீழம்மா."

"ஏன்? இந்த இடம் நல்லாத்தானே இருக்கு?"

"இடம் ரொம்ப நல்லா இருக்கும்மா. இது முதல் செட்டு. இன்னும் ரெண்டு இருக்கு."

மறுமுனையில் மெத்தை பிடித்தார், ஆனால் தூக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அவரும் ஒரு தாளை எடுத்தார். அவர் ஊரின் அந்தப் பக்கத்தில் வேறொரு கூடத்தில் சேர்ந்திருந்தார். "என் சீட்டுல செவ்வாய்க்கிழமை ஓய்வு. ஏத்தின ஒரு தடவையே உனக்காகப் பாவம் பார்த்து ஏத்தினது. தொட்டுக்கிட்டு வேணா நிக்கறேன். தூக்க மாட்டேன்."

"அப்ப பாதி பீரோவை நான் மட்டும் எப்படிய்யா தூக்கறது?"

"நீதான் முதல் நாளே தனியாத் தூக்கின ஆளாச்சே! தினம் சொல்றியே!"

பீரோவின் ஒரு முனைக்கு அன்று கன நாள், மறுமுனைக்கு ஓய்வு நாள். உள்ளே இருந்த டீச்சரின் புடவைகள் நடு அறையில் அரை அடி சாய்ந்தபடி நின்றன. டீச்சர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பு நடத்திய குரல் அது. "ரெண்டு பேர் தாளையும் இங்க குடுங்க."

கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் நிற்காதவர்களுக்கு டீச்சர் என்றால் ஒரு பயம் கடைசி வரை போகாது. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ரெண்டு தாளையும் அடித்துவிட்டு, ஒரே அட்டவணையாகப் போட்டு, ஆளுக்கொரு பிரதி எழுதிக் கொடுத்தார். "திங்கள், வியாழன் பாக்ஸிங். செவ்வாய், வெள்ளி தூக்கறது. புதன் இலேசான சாமான். ஞாயிறு ரெண்டு பேருக்கும் சேர்ந்தே ஓய்வு. போய் அந்த ரெண்டு செட்டையும் முடிங்க. கதவு கீறினா விட மாட்டேன்."

முடித்தார்கள். மூன்றாவது தடவை ஏறும்போது, ரெண்டாவது மாடித் திருப்பத்தில், பீரோவுக்குப் பொறி தட்டியது. தான் ஒரு செட் தூக்கினால் மறுமுனையில் அவனும் ஒரு செட் தூக்குகிறான். தனக்கு ஏறுகிற பலம் அத்தனையும் எடை குறையாமல் அவனுக்கும் ஏறுகிறது. தன் சொந்தக் காசில் எதிரிக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரி அல்லவா இது!

அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படியில் ஏறும்போது கீழ்முனைக்காரனுக்குத்தான் கனம் அதிகம். அதனால் கீழ்முனையை நிரந்தரமாகத் தன் பக்கம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நாலாம் நாள் மெத்தைக்குப் புரிந்துவிட்டது.

"இன்னைக்கு நான் கீழ."

"உனக்கு இடுப்பு வலிக்கும். மேல நில்லு."

"என் இடுப்பு மேல உனக்கு எப்ப இருந்துய்யா அக்கறை?"

மற்ற ஆட்கள் கீழ்முனையிலிருந்து தப்பிக்கத்தான் சண்டை போடுவார்கள். இவர்கள் அதற்காக அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ரெண்டு பேரும் கீழேயே நிற்க, சாமான்கள் படியில் பக்கவாட்டில் ஏற ஆரம்பித்தன. வாஷிங் மிஷின்கள் நண்டு மாதிரி மாடிக்குப் போயின. வாடிக்கையாளர்கள் ஆச்சரியப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அந்த ரெண்டு மாதத்தில் கம்பெனிக்கு வேலை குவிந்தது.

வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று காற்றைக் குத்தினார். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

"ஏங்க, அவரை நிஜமாவே மூக்குல குத்துவீங்களா?"

"பின்னே முதுகுலயா தடவிக் குடுப்பேன்?"

"குத்திட்டு மறுநாள் அவரோட சேர்ந்து எப்படிச் சாமான் தூக்குவீங்க?"

"மேஸ்திரி தூக்க மாட்டான். அதுக்குத்தானே இவ்வளவு பாடு?"

"சரி. அப்ப அவருக்கு அந்தப் பக்கம் யாரு பிடிப்பா?"

பீரோ ரெண்டு குத்து குத்தினார். மூன்றாவது குத்து பாதியில் நின்றது. "யாராவது பிடிப்பாங்க" என்றார். அன்று அதற்கு மேல் பயிற்சி செய்யவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சங்கத்தின் பெரிய கூடத்தில். எடை மிஷினில் முதலில் பீரோ ஏறினார், எண்பத்தொன்று. மெத்தை ஏறினார், எண்பத்தொன்று. முள் ஒரு நூல்கூட அசையவில்லை. மிஷின் பழுது என்று நினைத்து அதிகாரி தானே ஏறிப் பார்த்தார். அவரைச் சரியாகத்தான் காட்டியது.

கயிறு கட்டிய மேடைக்கு ஏற நாலு மரப்படிகள். நடுவராக வந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நூற்றுப் பத்து கிலோ, அகலமான ஆள், நெட்டுக்குத்தாக நிற்பவர். முதல் வரிசையில் முதலாளியம்மா மடியில் டேப்போடு உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவன் கையில் அங்கேயே கொடுத்துவிடுவதாகத் திட்டம்.

மணி அடித்தது. பீரோ ஓர் அடி முன்னால் வைத்தார். மெத்தை அதே அளவு பின்னால் வைத்தார். மெத்தை வலது பக்கம் சாய்ந்தார், பீரோவின் உடம்பு அதற்கு ஈடாகத் தானே சாய்ந்தது. பீரோ குத்தை விட்டார். அவர் தோள் அசையும் முன்பே மெத்தையின் தலை வேறு இடத்தில் இருந்தது. மெத்தை விட்டார், அங்கேயும் அதே கதை. ஒரு குத்து படவில்லை. ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடைவெளி மட்டும் மாறவே இல்லை. சரியாக ஆறரை அடி. வீட்டு பீரோவின் உயரம் அதுதான்.

"என்ன அண்ணே, டான்ஸா?" என்று ஒரு லாரி டிரைவர் கத்தினார்.

"கிட்ட போங்க அண்ணே! கிட்ட போங்க!" என்று மாஸ்டர் ஓரத்திலிருந்து அலறினார். பீரோ கிட்ட போனார். மெத்தை தள்ளிப் போனார். ரெண்டாவது ரவுண்டும் அப்படியே முடிந்தது. கூட்டம் கை தட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது ரவுண்டு. பீரோவுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. கீழே முதலாளியம்மா மடியில் டேப் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம். போனால் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தார். அதே நொடியில் மெத்தையும் அதையே நினைத்துப் பாய்ந்திருக்கிறார். மார்பும் மார்பும் மோதி ரெண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிரிங்க! பிரிங்க!" என்று நடுவர் குறுக்கே புகுந்தார்.

புகுந்ததுதான் தப்பு. ரெண்டு பேருக்கும் நடுவில், ஆறடி உயரத்தில், ரெண்டு பக்கமும் சமமாக, அகலமாக, விறைப்பாக ஒன்று வந்து நின்றது. அவ்வளவுதான். மெத்தை குனிந்து முழங்காலுக்கு அடியில் கை கொடுத்தார். பீரோ அக்குளில் கொடுத்தார். கையுறைக்குள் விரலை விரிக்க முடியாததால் பிரிட்ஜைத் தூக்குகிற மாதிரி முன்கையை வைத்துத் தூக்கினார்கள். நடுவர் படுக்கை வாட்டில் மேலே எழும்பினார்.

"யோவ்! இறக்குங்கய்யா!" என்றார் நடுவர்.

இறக்கத்தானே போகிறார்கள்? மேல் கயிறு இடிக்காமல் தலையைக் கொஞ்சம் சாய்த்தார்கள், தோளைத் திருப்பினார்கள், வெளியே எடுத்தார்கள். நாலு மரப்படியும் ஒரே சீராக இறங்கினார்கள். தண்ணீர் டிரம் பக்கத்தில் சுவரோரமாக நிமிர்த்தி வைத்தார்கள். மெத்தை ரெண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பீரோ நடுவரைத் தோளால் இடது பக்கம் ஒரு விரக்கடை தள்ளினார். இப்போது நேராக இருந்தது.

அப்போதுதான் மணி அடித்தது. அப்போதுதான் ரெண்டு பேருக்கும் தாங்கள் மேடைக்கு வெளியே நிற்பது தெரிந்தது.

சங்கச் செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். மேடையை விட்டு இறங்கியதாலும் நடுவரை இடம் மாற்றியதாலும் இருவரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவதாக அறிவித்தார். பீரோ முதலாளியம்மாவைத்தான் பார்த்தார். அவர் எழுந்து வந்தார், நேராக நடுவரிடம் போனார். சுற்றி வந்து பார்த்தார், முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லையே! ஏன்யா, கீழ்முனை யாரு பிடிச்சது?"

"நான்தான்" என்றார்கள் ரெண்டு பேரும்.

"நீங்க சொல்லுங்க சார்."

"நான் கூரையைப் பார்த்துக்கிட்டு வந்தேன் அம்மா" என்றார் நடுவர். "எனக்கு எப்படித் தெரியும்? ஆனா ஒண்ணு, குலுங்கவே இல்லை."

"சரி, எந்தப் பக்கம் திருப்பணும், எங்க வைக்கணும்னு யாரு குரல் குடுத்தது? அதுதான் மேஸ்திரி வேலை. யாரு சொன்னது?"

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இறக்கும்போது யாருமே குரல் கொடுத்திருக்கவில்லை.

முதலாளியம்மா டேப்பைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "ஒருத்தரும் சொல்லாம நூத்துப் பத்து கிலோ படி இறங்கி இடம் பார்த்து உட்காருதுன்னா, எனக்கு மேஸ்திரி எதுக்குய்யா? தள்ளுவண்டி காலத்துல இருந்து இந்தச் சம்பளத்தை வீணாக் குடுத்துட்டேன் போல. இனிமே அந்த வேலையே கிடையாது. அளக்கறதை நான் பார்த்துக்கறேன். நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க."

தோற்றிருந்தால்கூட பீரோவுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்திருக்கும். இப்போது ஆசைப்பட்ட நாற்காலியையே காணோம். பென்சில் பை வைத்த சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

கையுறையைக் கட்டிவிட்ட மாஸ்டர்கள் ரெண்டு பேரும் அவமானம் தாங்காமல் முதல் ஆளாகப் போய்விட்டிருந்தார்கள். முடிச்சை அவிழ்க்க விரல் வேண்டும். அதனால் பீரோவும் மெத்தையும் கையுறையோடுதான் பஸ் ஏறினார்கள், ஒரே சீட்டில். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைத் தோளில் கிடந்த சட்டையின் பென்சில் பைக்குள் செருகினார். ரெண்டு நிறுத்தம் தாண்டியது.

"யோவ்" என்றார் மெத்தை.

"என்னய்யா?"

"அந்த மேல் கயிறு. நீ தலையைச் சாய்க்கலைன்னா அந்தாளுக்கு நெத்தி போயிருக்கும்."

"நீ மட்டும்? கடைசிப் படி ஆடிச்சே, பார்த்தேன். காலாலயே அமுக்கிக்கிட்டே."

"பின்னே? விட்டுடுவேனா?"

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். கையையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். பட்ட காயம் எங்கேயும் இல்லை. "வாங்க, அவிழ்த்து விடறேன்" என்று கையுறை முடிச்சில் பல்லை வைத்தாள்.

"இரு, இரு" என்று பீரோ கையை இழுத்துக்கொண்டார். "தெருவுல பாதிப் பேர் இன்னும் பார்க்கலை."

வேண்டாத சாமான் ஒன்றை வாங்குகிற சாக்கில் தெருக்கோடிக் கடை வரை நடந்தார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "என்ன அண்ணே, ஜெயிச்சுட்டீங்களா?"

"ஜெயிக்கிறதா?" என்றார் பீரோ, கடை வாசலில் நின்றிருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி. "என்னை மேய்க்க ஒரு மேஸ்திரி தேவையில்லைன்னு கம்பெனியில அந்தப் பதவியையே தூக்கிட்டாங்கப்பா. நடுவரைக்கூட நான் கையோட இறக்கி வச்சுட்டுத்தான் வந்தேன். ஒரு சோப்பு குடு. பையில போட்டுத் தோள்ல மாட்டி விடு."